தலைகீழாக நடந்த மாப்பிள்ளை

பதினொரு வயதில் ஒரு வேலை பாதி தெரிந்தால் போதும். முழுதாகத் தெரிந்தவர்களுக்கு இல்லாத துணிச்சலெல்லாம் வந்துவிடும். எனக்கு வந்தது. அதை என் அக்காவின் கல்யாண வரவேற்பில் போய்க் காட்டினேன்.

கடலூரில் எங்கள் பள்ளியில் அந்த வருடம்தான் கம்ப்யூட்டரில் பிளாக் அடுக்கிக் கதை செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். 'நட', 'பேசு', 'திரும்பு' என்று எழுதிய வண்ணக் கட்டங்கள். அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் பொம்மை அப்படியே செய்யும். முதன்முதலில் ஒரு பூனையை நடக்கவைத்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. (நாலடி நடந்த பூனைக்கே இந்த ஆட்டம்.)

அக்காவுக்கு அதற்கு முன் ஓர் இடம் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கியிருந்தார்கள். அதன்பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. காட்டுமன்னார்கோயிலில் வேறு மாப்பிள்ளை அமைந்ததும், அவளைச் சிரிக்கவைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். (யாரும் கொடுக்கவில்லை.)

கதை சின்னதுதான். மாப்பிள்ளை மாமா டவுன் பஸ்ஸில் சிதம்பரம் வந்து இறங்குவார். அக்காவை நோக்கி நடப்பார். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்பார். அக்கா "சரி" என்பாள். மாமாவின் மீசையை நானே வரைந்தேன். முகத்தில் வௌவால் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வீட்டில் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அக்கா "சரி" என்றதும் சந்தோஷம் தாங்காமல் சிவப்பு பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட ஓடுவேன். அதற்குப் பிறகு மாமா என்ன செய்வார் என்று நான் பார்த்ததே இல்லை.

சிதம்பரத்தில் கல்யாண மண்டபத்துப் பெரிய திரையில் அதைப் பார்த்தேன். மாமா இறங்கினார், நடந்தார், கேட்டார். அக்கா "சரி" என்றாள். கூட்டம் கைதட்டியது. மாமா நிற்கவில்லை. அக்காவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். 'நட', 'ஓரத்தில் இடித்தால் திரும்பு' என்று சொல்லியிருந்தேனே தவிர, 'நில்' என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. திரையின் ஓரத்தில் இடித்து, கால் மேலே தலை கீழேயாகப் புரண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

"அய்யய்யோ, மாப்பிள்ள பஸ்ஸேறப் போறாரும்மா!" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

பழைய கதை தெரியாதவர்கள் நன்றாகச் சிரித்தார்கள். தெரிந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மேடையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமாவின் பெரியப்பா எழுந்தார். "என்னாங்க இது? எங்க புள்ளையத் தலைகீழா நடக்கவுட்டு வேடிக்க பாக்குறீங்களா?"

"கொழந்தை தெரியாம பண்ணிடுச்சுங்க" என்று அப்பா கைகூப்பினார்.

மண்டபத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு எதை அழுத்துவதென்று தெரியவில்லை. நான் ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். கால் நகரவில்லை, கண்ணீர்தான் தாராளமாக வந்தது.

அப்போது நிஜ மாமா மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் குனிந்தார்.

"பாப்பா, இந்த ஆள எப்புடி நிறுத்தறது?"

"செவப்பு பட்டன் மாமா."

என் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் அருகே கூட்டிப்போனார். நான் அவசரமாக அழுத்தப் போனேன்.

"இரு, இரு. உங்கக்கா பக்கத்துல வரட்டும்."

திரையில் இருந்தவர் பஸ் பக்கத்து ஓரத்தில் இடித்தார், நேரானார், மறுபடி அக்காவை நோக்கி நடந்தார்.

"இப்ப!"

அழுத்தினேன். அக்காவை ஒட்டி, தலை மேலே கால் கீழேயாக, ஒழுங்காக நின்றார். நிஜ மாமா மைக்கை வாங்கி, "நின்னுட்டேங்க" என்றார்.

அக்கா சிரித்தாள். பெரியப்பாவும்கூட.

இன்று நான் சம்பளத்துக்குப் புரோகிராம் எழுதுகிறேன். எத்தனையோ பிழைகளைத் திருத்தியாயிற்று. அந்த ஒன்றைத் திருத்த மட்டும் மனம் வரவில்லை.

சண்டை இல்லாத வீடு இல்லை. கோபம் வந்தால் மாமா வண்டியை எடுத்துக்கொண்டு வீராணம் ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவார். உடனே அக்காவிடமிருந்து எனக்குப் போன் வரும்.

"உன் ஆளு கெளம்பிட்டாருடி."

"ஓரத்துல இடிச்சதும் திரும்பிடுவாருக்கா."

"தெரியும். அவருக்கும் சேத்துதான் ஒல வச்சிருக்கேன்."