ஷட்டர் இறங்கிய வியாழக்கிழமை

இவ்ரேயா, ஜூன் 9

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான் வாய் மூடி இருந்தது போதும். இங்கு நலம். ஜன்னல் ஷட்டரைக் கையால் இழுத்து மூடுகிறவராக இருந்தால் தாங்களும் நலமாகவே இருப்பீர்கள்.

பதினோரு வருடமாக உங்கள் இதழை வாங்குகிற கணித ஆசிரியன் நான். என் அண்ணன் எர்மான்னோவும் வாங்குகிறான். வாசகர் கடிதங்களை மட்டும் படிப்பான். நாங்கள் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் தங்கை லிதியாவின் கல்யாணத்தன்று தோட்டம் முழுக்க நான் விளக்குச் சரம் கட்டினேன். கேக் வெட்டும் நேரத்தில் கரண்ட் போனது. "எல்லாம் இவன் லைட்டால வந்தது" என்று நூறு பேர் முன்னால் அவன் சொன்னான். அன்றிலிருந்து ஊரில் யார் வீட்டில் பல்பு போனாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

நிற்க. வெயில் ஏறினால் தானே மூடிக்கொள்ளும் ஷட்டர், மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்று போதும், முதல்முறை செய்பவர்களும் ஒரே மதியத்தில் முடிக்கலாம் என்று மார்ச் இதழில் எழுதினீர்கள். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. போன வியாழன் காலை ஐந்து ஜன்னலையும் இணைத்து முடித்தேன். வெளிச்சம் பட்டதும் ஐந்தும் கம்பீரமாக இறங்கின. இறங்கியதும் அறை இருட்டானது, இருட்டானதால் ஏறின, ஏறியதால் வெளிச்சம் வந்தது, மறுபடி இறங்கின. என் வீடு தெருவைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. தானே அடங்கிவிடும் என்று நம்பி, நெத்திலி வைத்த குடைமிளகாயை ஓவனில் வைத்தேன். மூன்று கிலோவாட் மீட்டர், சுமை மிஞ்சினால் அதன் சுவிட்ச் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும்; ஓவனும் ஐந்து மோட்டாரும் சேர்ந்தால் தாங்குமா? ஷட்டர்கள் அடியைத் தொடவும் மீட்டர் விழவும் சரியாக இருந்தது. நிலவறைக்கு இறங்கித் தூக்கினேன், விழுந்தது, தூக்கினேன், விழுந்தது. ஓவனை அணைக்கத் தோன்றவில்லை. ஒன்றரை மணி நேரம் உங்கள் கட்டுரையைத் திட்டிக்கொண்டே தூக்கினேன்.

பட்டப்பகலில் தெருப்பக்க ஷட்டர் அத்தனையும் இறங்கியிருந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்த வீட்டில் சாவு. எதிர்வீட்டு பவுத்தாஸ்ஸோ அம்மாள் மணியை அழுத்தியிருக்கிறார். கரண்ட் இல்லாத மணி எப்படி அடிக்கும்? எர்மான்னோவுக்குப் போன் போட்டுவிட்டு, துக்க வீட்டுக்கென்று ஒரு பானை சூப்பும் வைத்துவிட்டார். அவன் கறுப்பு டை கட்டிக்கொண்டு, அந்த அம்மாளுடன் உள்ளே வந்து, நிலவறைக்கு நேர் மேலே, மாடிப்படியடியில் நின்றான். கீழே இருட்டில் நான் மீட்டர் மேல் கை வைத்தபடியே நின்றேன்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்," என்றான் அவரிடம். "லிதியா கல்யாணத்தன்னிக்கு கரண்ட் போனது அவன் லைட்டால இல்ல. ரெண்டாவது ஓவன நான்தான் போட்டேன். அந்தப் பழிய ஒன்பது வருஷமா அவன் சுமந்தான். இனிமே யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

"ரொம்பச் சீக்கிரமா வாயத் திறந்திட்டப்பா," என்றார் அந்த அம்மாள்.

நூறு வரை எண்ணிவிட்டு, ஒன்றும் கேட்காதவன் போல், தலையெல்லாம் ஒட்டடையுடன் மேலே ஏறி வந்தேன். எர்மான்னோ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"சாகலயாடா நீ?" என்றான். "ஒரு வேலயாவது உருப்படியா முடிக்க மாட்டியா?"

குடைமிளகாய் பாதி பச்சையாக இருந்ததால் மூவரும் சூப்பைக் குடித்தோம். நடுவில், லிதியா கல்யாணத்தில் கரண்ட் ஏன் போனது என்று பேச்சுவாக்கில் கேட்டு வைத்தேன். "உன் லைட்டுதான்டா. ஊருக்கே தெரியும்," என்றான் தட்டைப் பார்த்தபடி. பவுத்தாஸ்ஸோ அம்மாளுக்குப் புரையேறியது. பிறகு அவனே போய் ஓவனை அணைத்து, கீழே இறங்கி மீட்டரைத் தூக்கிவிட்டான், அது விழாமல் நின்றது. "ஓவன் ஓடுறப்ப வேற எதையும் போடக் கூடாதுன்னு தெரியாதா?" என்று எனக்குப் பாடம் வேறு. யார் சொல்வது பாருங்கள்.

ஆகவே, தவறான கட்டுரை வெளியிட்டதற்கு நீங்கள் பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்க வேண்டும். உங்கள் மீட்டர் என்றும் விழாதிருக்கட்டும். அலுவலகத்தில் அனைவருக்கும் என் வணக்கம்.

பி.கு.: உறை தேடும்போது மார்ச் இதழின் மேலிருந்த காபிக் கோப்பையை நகர்த்தினேன். அடியில் ஒரு படம்: வெளிச்சத்தை அளக்கும் உணரியை ஜன்னலுக்கு வெளியே பொருத்தவும் என்று போட்டிருக்கிறீர்கள். நான் உள்ளே பொருத்தியிருந்தேன். வருத்தம் வேண்டாம். அந்தப் படத்தை மறுபடி அச்சிடவும் வேண்டாம். எர்மான்னோ தன் வீட்டு ஷட்டருக்கும் இதைச் செய்து தரும்படி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருக்கிறான், படத்தைப் பார்த்தால் நான் எதற்கு? கடிதத்தை மட்டும் ஒரு வரி விடாமல் போடுங்கள். படித்ததும் எழுதியது யாரென்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் நீதானா என்று என்னிடம் கேட்க வேண்டுமென்றால், அவன் முதலில் அந்தக் கல்யாண ஓவனை ஒத்துக்கொண்டாக வேண்டும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.