ஸ்டூலக்காவும் நிற்கிற மகாலட்சுமியும்

நாற்காலிக்காகச் சண்டை போட்டவர்களை இந்தியா நிறையப் பார்த்திருக்கிறது. அடுத்தவர் உட்காருவதற்காகச் சண்டை போட்ட ஒரே ஆள் எங்கள் ஸ்டூலக்காதான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடை. நான் பில் போடுகிறவன், அக்கா சேலைப் பிரிவு. வாடிக்கையாளருக்கு ஸ்டூல், முதலாளிக்குச் சுழல் நாற்காலி. விற்கிற பெண்கள் மட்டும் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு பூட்டும்வரை நிற்க வேண்டும். பட்டு எப்படி என்று யாராவது கேட்டால், "பட்டு நல்லாக்குது. எங்க காலுதான் செத்துப்போச்சு" என்பார் அக்கா.

ஒருநாள் அக்கா விற்கிற பெண்களுக்கும் ஸ்டூல் கேட்டதும் முதலாளி பொங்கிவிட்டார். "கஸ்டமர் மகாலட்சுமி மாதிரி! மகாலட்சுமி முன்னாடி உக்காருவியா?"

"கல்லாவுக்கு மேல படத்தப் பாருங்க மொதலாளி. அந்தம்மாவே தாமரைல உக்காந்துகினுதான கீறாங்க?"

மறுநாளே அந்தப் படம் போய், நிற்கிற மகாலட்சுமி வந்துவிட்டாள்.

சிரித்துக்கொண்டிருந்த நாங்கள், செல்வி மயங்கி விழுந்ததும் அடங்கிப்போனோம். கரியாலூரிலிருந்து வந்து பக்கத்துத் தெருவில் குடியிருந்த பெண், மாசமாக இருந்தாள். "நிக்க முடியலன்னா வூட்லயே இருந்துக்க. நாளையிலேர்ந்து வராத" என்றார் முதலாளி. செல்வியின் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. அக்கா செல்வியைக் கைத்தாங்கலாக வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. மறுநாள் காலை சாலையெங்கும் மறியலுக்கு வெட்டிப்போட்ட மரங்கள் கிடந்தன. பஸ்கள் நின்றன. தொழிலாளர் சட்டங்களைத் திருத்த யோசனை கேட்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த தில்லி அதிகாரி ஒருவர், சேலம் போகிற வழியில் மாட்டிக்கொண்டு எங்கள் கடையில் ஒதுங்கினார். நம் பக்கத்துத் தமிழர்.

அவர் யாரென்று தெரிந்ததும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. "சார், வழி தெறக்குற வரைக்கும் சும்மாதான இருக்கப்போறீங்க? இந்தப் பக்கம் வந்து ரெண்டு சேல வித்துப் பாருங்க."

விளையாட்டாகத்தான் வந்தார். அதற்குள் பஸ்ஸில் வந்த கூட்டம் முழுக்கக் கடைக்குள் புகுந்துவிட்டது. "சார், அந்தப் பச்சய எடுங்க", "சார், இத மடிங்க" என்று அக்கா அவரை மதியம்வரை விரட்டினார். அதிகாரி ஒற்றைக்காலில் நின்றார், அலமாரியில் சாய்ந்தார், கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டார். முதலாளி தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

அக்கா குறுக்கே நின்றார். "இந்தப் பக்கம் நிக்கறவங்க உக்காரக் கூடாதுங்க சார். ரூலு."

"யார் போட்ட ரூல்?"

"அது... வழக்கங்க சார்" என்று இழுத்தார் முதலாளி.

"நேத்து மாசமா இருக்கற பொண்ணு ஒண்ணு இந்த வழக்கத்தால மயங்கி விழுந்துச்சு சார். அதுக்கு வேலயும் போச்சு" என்றார் அக்கா.

அதிகாரி முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு நாடு முழுக்கச் சட்டம் வேணும்மா. நான் எழுதறேன்."

"சட்டம் வர்றப்ப வரட்டும் சார். ஸ்டூலு இன்னிக்கே வரட்டும்!"

பஸ் கூட்டம் கைதட்டிய தட்டலில் தெருவே திரும்பிப் பார்த்தது. முதலாளியே டீக்கடையிலிருந்து ஸ்டூல்களைச் சுமந்து வந்தார். செல்விக்கு ஆள் போனது. அவள் வந்ததும் முதல் ஸ்டூலில் அவளை உட்காரவைத்துவிட்டு, அக்கா ராணி மாதிரி அடுத்ததில் அமர்ந்தார். அந்த மாதம் முடிவதற்குள் பக்கத்துக் கடைகளுக்கும் ஸ்டூல் வந்துவிட்டது.

பல வருஷம் கழித்து, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டமே வந்தது. அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"இங்க மட்டுந்தானா? இன்னாடா இது, மத்த ஊர்ப் பொண்ணுங்களுக்குக் காலு இல்லியா?" என்றார்.

இன்றைக்கும் எந்தத் துணிக்கடைக்குப் போனாலும், சேலையை விரிக்கிற பெண் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் என் கண் சேலைக்குப் போகிறது.