புதுசுக்கு இன்னொரு மேட்ச்

கோல்கீப்பர் குப்புற விழுந்து கிடந்தார். எதிரே இரண்டு கம்பமும் வலையும் தவிர ஓர் ஈ, காக்கை இல்லை. பந்து காலடியில் இருந்தது. பசைப் பிரிவு மேஸ்திரியின் மாமியாரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் அந்த அம்மாள்கூட உதைத்து உள்ளே தள்ளியிருப்பார். புதுசு அதை மைதானத்தைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டுக்கு அனுப்பிவைத்தான்.

மறுநாள் மதியம் கேன்டீனில் விசாரணை ஆரம்பமானது.

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குச் சொந்தமாக ஒரு கால்பந்து அணி இருந்தது. அணிக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. மன்றத்துக்குத் தலைவர் மேஸ்திரி. உறுப்பினர்களில் வாயுள்ளவர்கள் இரண்டு பேர்: ஒருவர் லாரி டிரைவர், இன்னொருவர் எலெக்ட்ரீஷியன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அணிக்கு வந்து சேர்ந்த ஃபார்வர்டுக்கு ‘புதுசு’ என்று பெயர் வைத்தது இந்த மூவர்தான்.

“போன வாரம் மூணு கோல் போட்டான். இந்த வாரம் சைக்கிளுக்குப் போட்டான். லூஸ் கனெக்ஷன் இருக்கிற பல்பு இப்படித்தான் எரியும், அணையும். கழட்டி வீசிட வேண்டியதுதான்,” என்றார் எலெக்ட்ரீஷியன்.

“புது வண்டின்னா கியர் பழகவே மாசக்கணக்காகும்யா. கொஞ்சம் டைம் கொடுங்க,” என்றார் டிரைவர்.

“எத்தனை சுவத்துல இடிக்கிற வரைக்கும்?”

இருவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். முதல் மேட்ச் முடிந்ததும் “இன்னும் பத்து வருஷத்துக்கு நமக்குக் கவலையில்ல” என்று சொன்னவர் அவர். இரண்டாவது மேட்ச் முடிந்ததும் “நாளைக்கே மூட்டை கட்டச் சொல்லு” என்று சொன்னவரும் அவர்தான். அதனால் எது நடந்தாலும் “நான் அப்பவே சொன்னேனே” என்று சொல்லும் வசதி தொழிற்சாலையிலேயே அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

“இன்னொரு மேட்ச் பாப்போம்,” என்றார் மேஸ்திரி.

டீயைக் குடித்து முடிப்பதற்குள் மேனேஜர் கூப்பிடுவதாக ஆள் வந்துவிட்டது.

மேனேஜர் உட்காரச் சொன்னார். அதுவே நல்ல சகுனமாகத் தெரியவில்லை.

“புதுசோட ரெண்டு மாச டிரயல் முடியுது. நம்ம டீம்ல ஆடணும்னா நம்ம ஆளா இருக்கணும்னு ரூல் இருக்கு. அதனால வெச்சுக்கறதுன்னா நிரந்தர வேலை கொடுத்தாகணும். இருக்கிறது ஒரே ஒரு இடம்தான். உங்க பிரிவுல இந்த மாசக் கடைசியில காலியாகுது.”

மூட்டுவலி என்று வாரத்துக்கு நாலு நாள் லீவு எழுதும் பழைய பசைக் கலவைக்காரர் ஒருவழியாக ராஜினாமா கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார்.

“அதே இடத்துக்கு இன்னொரு ஆளும் டிரயல்ல இருக்காரு. உங்க மச்சினன்,” என்றார் மேனேஜர். “ரெண்டு பேரையும் உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்குத் தெரியும்? ஆட்டத்தையும் நீங்க பாக்கறீங்க, பசையையும் நீங்க பாக்கறீங்க. யார்னு ஒரு தாள்ல எழுதி அடுத்த செவ்வாய்க்கிழமை கொடுங்க.”

மேஸ்திரி தலையாட்டிவிட்டு எழுந்தார்.

மைத்துனனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வயது, முன் வழுக்கை, இதற்கு முன்னால் பார்த்த வேலைகள் ஒன்பது. பத்தாவதாக அக்காள் வீட்டுக்காரரின் பசைத்தொட்டியில் வந்து விழுந்தான். அவனும் புதுசைப் போலத்தான். ஒரு நாள் அவன் கலக்கிய பசையில் ஒட்டிய பெட்டியைக் கோடாலி வைத்துத்தான் பிரிக்க வேண்டும். மறுநாள் கலக்கியதில் ஒட்டிய பெட்டி, ஏறெடுத்துப் பார்த்தாலே வாயைப் பிளந்துவிடும். மாவும் தண்ணீரும் காஸ்டிக் சோடாவும்தான் சமாசாரம். அதில் எதை எந்த நாள் மறப்பான் என்று அவனுக்கே தெரியாது.

ஒவ்வொரு தொட்டிக்கும் யார் கலக்கியது என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். “என் தம்பி பேருக்கு ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்று முதல் நாளே மனைவி சொல்லிவிட்டாள். ஆகவே ஒட்டிய தொட்டிக்கு மைத்துனன் பெயரையும், ஒட்டாத தொட்டிக்குத் தன் பெயரையும் இரண்டு மாதமாக மேஸ்திரி எழுதி வந்தார். அனுபவசாலி ஒருவர் நாலு தடவை தவறினால் யார் கேட்கப் போகிறார்கள்?

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் மனைவி. “ஒரு பக்கம் என் தம்பி. இன்னொரு பக்கம் பந்தை உதைக்கிற யாரோ ஒருத்தன்.”

“இவனும் ஒழுங்கா கலக்கறானான்னா...”

“கலக்க மாட்டான். அவனைக் கண்டா நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்க. கை நடுங்காம என்ன செய்யும்? வேலையில்லாம அவன் இந்த வீட்டு சோபாவுல எட்டு மாசம் படுத்திருந்தது மறந்துபோச்சா?”

மறக்கவில்லை. அந்த சோபாவில் இன்னும் நடுவில் பள்ளம் இருந்தது. மறுபடி அவன் அதில் வந்து படுப்பதை நினைத்தாலே மேஸ்திரிக்கு மூச்சு முட்டியது. ஆனால் தகுதி பார்க்காமல் எழுதிக் கொடுத்தார் என்று தெரிந்தால் கேன்டீனில் அவருடைய தலைவர் பதவி கந்தலாகிவிடும். இரண்டு பக்கமும் நோகாமல் இருக்க ஒரே வழிதான் அவருக்குத் தெரிந்தது. சனிக்கிழமை மேட்சில் புதுசு சொதப்ப வேண்டும். அப்போது தொழிற்சாலையே அவனைத் துரத்தச் சொல்லும். அவர் கையில் பாவம் ஒட்டாது.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் உடைமாற்றும் அறைக்குப் போனார். புதுசு தனியாக உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“வாங்கண்ணே.”

“உக்காருப்பா. ஏன் இப்படி மாத்தி மாத்தி ஆடறே?”

“எனக்கே தெரியலண்ணே. ஒரு நாள் பந்து என்னைத் தேடி வருது. ஒரு நாள் என்னைக் கண்டாலே ஓடுது.” அவன் குச்சியைக் கீழே போட்டான். “வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம். அவங்க அப்பா வீட்ல இருக்கா. இங்க நிரந்தரமானா ஒரு ரூம் பாத்துக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். மைதானத்துல இறங்கினதும் அந்த நெனப்பு வந்துடுது. கால் ஓடமாட்டேங்குது.”

மேஸ்திரிக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வந்த காரியத்தை முடித்தாக வேண்டும். மென்று விழுங்கிச் சொன்னார்.

“நாளைக்கு நீ கோல் போடணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல. என்ன? போடாட்டி குடி ஒண்ணும் முழுகிடாது. சும்மா கால் போன போக்குல ஆடு.”

புதுசு அவரையே பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

“இங்க வந்து ரெண்டு மாசத்துல இப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லண்ணே,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் அவன் நாலு கோல் போட்டான்.

நாலாவது கோலுக்கு ஐந்து பேரைத் தாண்டினான். போட்டுவிட்டு நேராகக் கம்பி வேலிக்கு ஓடிவந்து, வேலிக்கு மேலே எட்டி மேஸ்திரியைக் கட்டிப்பிடித்தான். “அண்ணன்தான்! எல்லாம் அண்ணன் சொன்ன வார்த்தைதான்!” என்று கூவினான். டிரைவர் மேஸ்திரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். எலெக்ட்ரீஷியன் பின்னாலேயே ஓடி, “பல்பு கெட்டுப்போகல, பிளக்தான் சரியா சொருகல. மேஸ்திரி சொருகிட்டாரு!” என்று கத்தினார். மேலே உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது.

“ஊரான் வீட்டுப் பிள்ளைக்குத் தைரியம் சொல்லி நாலு கோல் போட வெச்சீங்களாமே?” என்றாள் மனைவி, வாசலிலேயே. “என் தம்பிகிட்ட என்னிக்காவது அப்படி ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கீங்களா?”

பேசவில்லைதான். பேசினால் என்ன? ஒருத்தனுக்குப் பலித்தது இன்னொருத்தனுக்கும் பலிக்காதா? மேஸ்திரிக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது.

திங்கட்கிழமை காலை மைத்துனனைத் தொட்டி அருகே தனியாக அழைத்து, தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போடுவது அதுதான் முதல் தடவை என்பதால் அவன் ஒதுங்கிக் குனிந்தான்.

“மாப்ள, பயப்படாம கலக்கு. தப்பா வந்தாலும் பரவாயில்ல. குடி ஒண்ணும் முழுகிடாது.”

“நெஜமாவா மாமா?”

“நெஜமாத்தான்.”

“பரவாயில்லன்னா சரி மாமா,” என்றான் மைத்துனன். இரண்டு மாதத்தில் முதல் முறையாக நிம்மதியாக ஒரு டீ குடிக்கப் போனான். சோடா போட வேண்டிய நேரத்தில் அவன் கேன்டீனில் டிரைவரிடம் நாலாவது கோல் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு லாரியில் ஏற்றும்போது ஆயிரத்து இருநூறு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து விரிந்தன. ஏற்றிய ஆட்கள் தலையைச் சொறிந்தார்கள். மேனேஜர் வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். ரிஜிஸ்டரைக் கேட்டார். மேஸ்திரி ஓடிப்போய்த் தன் பெயரை எழுதி, மை காய்வதற்குள் கொண்டுவந்து கொடுத்தார்.

“நீங்களா கலக்கினது?” என்றார் மேனேஜர்.

“கை தவறிடுச்சு சார்.”

மேனேஜர் பழைய பக்கங்களைப் புரட்டினார். ரிஜிஸ்டரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மைத்துனன் பெயருக்கு எதிரே ஒரு கரும்புள்ளிகூட இல்லை என்று மேஸ்திரிக்கு அந்த நிலையிலும் ஒரு திருப்தி.

செவ்வாய்க்கிழமை மதியம் கேன்டீனில் மன்றம் கூடியது. வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

“வெச்சுக்கணும்னு எழுதுங்க,” என்றார் எலெக்ட்ரீஷியன். “இனிமே அவன் சைக்கிளுக்கு அடிச்சாலும் நான் பேசமாட்டேன்.”

“டைம் கொடுத்தா ஆளு நிமிர்ந்துடுவான்னு நான் சொன்னேன்ல?” என்றார் டிரைவர். “எழுதுங்க தலைவரே.”

மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுத் தாளுடன் பசைப் பிரிவுக்கு வந்தார். தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். புதுசின் கலங்கிய கண் ஞாபகம் வந்தது. அப்புறம் சோபா ஞாபகம் வந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கும் மனைவியும் வந்தாள். கால் மணி நேரம் கழித்து அவர் எழுதியது இது:

‘கால்பந்து வீரர் நிலையில்லாத ஆட்டக்காரர். இரண்டு மாத அவகாசம் போதுமானது.’

எழுதும்போது கை கூசியது. ஆனால் நாலு கோலை வெல்ல வேண்டும் என்றால் மைத்துனனைச் சும்மா பாராட்டினால் போதாது என்று தோன்றியது. பேனாவை அழுத்திப் பிடித்தார்.

‘என் மைத்துனர் இந்தப் பிரிவின் எல்லா வேலைகளையும் கற்றுத் தேர்ந்துவிட்டார். தொட்டிகள் அனைத்தையும் அவர் ஒருவரே பார்த்துக்கொள்வார். அவருக்கு மேலே ஒரு ஆள் தேவையே இல்லை.’

மேனேஜர் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார்.

“யோசிச்சுத்தான் எழுதினீங்களா?”

“மனசாரத்தான் சார்.”

“எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. நீங்க வேலையைச் சுலபமாக்கிட்டீங்க.” மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். “உங்களுக்குப் பெரிய மனசு, மேஸ்திரி.”

மறுநாள் காலை புதுசு ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பசைப் பிரிவுக்கு வந்தான். பையின் ஓரத்தில் பூட்ஸ் இரண்டும் நாடாவில் கட்டித் தொங்கின.

“இடம் இல்லன்னுட்டாங்கண்ணே,” என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “நீங்க எனக்காக எழுதியிருப்பீங்கன்னு தெரியும். இருந்தும் கிடைக்கலன்னா நான் என்ன செய்ய? உங்களை மறக்கமாட்டேண்ணே.”

மேஸ்திரியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாயைத் திறந்தார். “பாத்துப் போப்பா,” என்றார். அவன் கேட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். இருபத்தாறு வருட சர்வீஸில் இவ்வளவு கேவலமாகத் தன்னை அவர் உணர்ந்ததில்லை.

மதியம் கேன்டீனில் அவர் உட்கார்ந்ததும் டிரைவர் தன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். எலெக்ட்ரீஷியனும் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

போகட்டும், வீட்டிலாவது நிம்மதி இருக்கும் என்று மேஸ்திரி தேற்றிக்கொண்டார். மைத்துனனுக்கு ஒரு பிழைப்பு ஆயிற்று. சோபா காலியாயிற்று. காலப்போக்கில் கேன்டீனும் மறந்துவிடும். அவர்களுக்கும் கொஞ்சம் டைம் கொடுக்க வேண்டும்.

அப்போது ஆபீஸ் அட்டெண்டர் அம்மா கையில் ஒரு நீளமான கவரோடு வந்து அவர் எதிரில் நின்றார். மேஸ்திரி முகம் மலர்ந்தது.

“மச்சினன் ஆர்டர்தானே? என்கிட்டயே கொடுங்க, நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்.”

“அது நாளைக்குத்தான் வரும் மேஸ்திரி, இது உங்களோடது,” என்றார் அந்த அம்மா, கவரை மேஜையில் வைத்து. “காலியாகற இடமே உங்க இடம்தானே? இருபத்தாறு வருஷம் டைம் கொடுத்துப் பாத்தாச்சாம்.”