தகரத்துக்கு அஞ்சாத குட்டி

தன் பொருளில் குறை இருக்கிறது என்று ஒருவர் வாய் திறந்து சொன்னால், அவரை நம்ப நமக்கு மனம் வருவதில்லை. "அருமையான சாமான்" என்று சத்தியம் செய்த எல்லோரிடமும் ஏமாந்த நான், உண்மை சொன்ன ஒரே மனிசியைத்தான் கள்ளி என்று நினைத்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, உப்பளம், அரிசி ஆலை, றோட்டு வேலை என்று அலைந்து, கடைசியில் உருத்திரபுரத்தில் அக்கா வீட்டில் வந்து விழுந்திருந்தேன். அக்காவும் அத்தானும் குடியேற்றக் காணியில் காடு வெட்டி விதைத்த முதல் நெல்லைக் காட்டுப்பன்றி தின்றது. அந்த வருடம் மரவள்ளிக்கிழங்கில் சீவித்தார்கள். அடுத்த வெள்ளாமையும் போனால், காணியை விட்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

"நல்ல காவல் நாய்க்குட்டியாய்ப் பாத்துக் கொண்டு வாடா" என்று அத்தான் என்னைக் கொக்கிளாய்க்கு அனுப்பினார். (ஊர் சுற்றியவனுக்கு உலகம் தெரியும் என்று நம்பிவிட்டார், பாவம்.)

அங்கே பாக்கியம் மாமியின் பெட்டை நாய் பன்றி துரத்துவதில் பேர்போனது. மாமி குட்டிக்குக் காசு வாங்குவதில்லை. கேள்விதான் கேட்பார்.

"வீட்டிலை ஆர் நிக்கிறது? சோறு வைக்கிறது ஆர்? முந்தி நாய் வளத்தனீங்களோ? அதுக்கு என்ன நடந்தது?"

எனக்கு வேலை தந்த ஒருவரும் இவ்வளவு கேட்டதில்லை.

தாயையும் குட்டிகளையும் முற்றத்தில் காட்டினார். வயற்காவலில் பன்றி விரட்ட இரவெல்லாம் தகரம் அடிப்போம். அந்தச் சத்தத்துக்கு ஓடுகிற நாய் எதற்கு உதவும்? கிடந்த பழைய தகரத்தை எடுத்துப் படாரென்று அடித்தேன். குட்டிகள் எல்லாம் தாயின் வயிற்றுக்குள் பாய்ந்தன. ஒரு வெள்ளைக்குட்டி மட்டும் அசையாமல் நித்திரை கொண்டது.

"வீரன்! இதைத் தாங்கோ மாமி."

"அது வேண்டாம் தம்பி. அதுக்குக் காது கேக்காது போலை கிடக்கு. மற்றதிலை ஒண்டைப் பாருங்கோ."

திறமான குட்டியைத் தனக்கென்று ஒளிக்கிறார்! என்னிடமா?

"காவலுக்கு இல்லை மாமி, சும்மா வளக்கத்தான்" என்று புளுகினேன்.

மாமி குட்டியைத் தூக்கி என் கையில் தந்தார். "ஏலாமல் போனால் இஞ்சை கொண்டந்து விடுங்கோ. றோட்டிலை மட்டும் விட்டிடாதேங்கோ."

வீட்டில் காதைப் பற்றி மூச்சு விடவில்லை. கூப்பிட்டால் வீரன் திரும்புவதில்லை. "நல்ல சாதி நாய், கண்டபடி வராது" என்றேன். அக்கா மரியாதையோடு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

நெல் பால்பிடித்த நேரம், காவலை வீரனிடம் விட்டு நித்திரை கொண்டோம். ஒரு விடியற்காலை அக்காவின் அலறல் கேட்டு ஓடினோம். வயலில் ஒரு மூலை உழுத மாதிரிக் கிடந்தது. அதன் வரப்பில் வீரன் நித்திரை. அத்தான் அதன் தலைக்குப் பின்னால் வாளியைத் தடாலென்று போட்டார். வீரன் கனவில் வாலை ஆட்டியது.

"டேய், இது செவிடல்லோ!"

"மாமி சொன்னவாதான்..." என்றேன்.

அக்கா மிச்ச நெல்லைப் பார்த்தபடி நின்றாள். அவள் ஏசியிருந்தால் நான் அன்றே பஸ் ஏறியிருப்பேன். ஏசாததால் வயலில் காவல் பரண் கட்டி ஏறினேன். ஓரிடத்தில் தரிக்காதவன், அறுவடை முடியும்வரை அதை விட்டு இறங்கவில்லை. காணி தப்பியது.

பிறகு வீரனைக் கொக்கிளாய்க்குக் கொண்டுபோனேன். மாமி அதைத் தூக்கி மடியில் வைத்தார். "கொண்டந்திட்டியள், அது போதும்" என்றார். அடுத்த குட்டி கேட்டேன். "அக்காவை வரச் சொல்லுங்கோ."

சில வருடங்களுக்குப் பின் எனக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டபோது, என்னை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். போய்வந்த அக்கா, "பிள்ளைக்குக் கொஞ்சம் கோவம் வருமாம். தாயே சொன்னவா" என்றாள்.

"தாயே சொன்னவாவோ? அப்ப நல்ல இடம்" என்று அத்தான் நாள் பார்க்கப் போய்விட்டார்.

இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது கலியாணம் பேசினால் இந்தக் கதை வரும். என் மனைவிதான் பலத்துச் சிரிப்பாள். அவளுடைய தாய் நேர்மையான மனிசி; "கொஞ்சம்" என்ற ஒரு சொல்தான் பொய்.