வாத்தியார் போட்ட ஓட்டை

இனிமேல் இந்த வீட்டுச் சுவரில் ஓட்டை போட மச்சினன் தயவு தேவையில்லை என்று வாத்தியார் முடிவு கட்டிவிட்டார்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்கள். ஆனால் வீட்டுச் சுவரில் சாமான் வைக்க ஒரு தட்டு மாட்டவேண்டும் என்றாலும் மனைவியின் தம்பிதான் வரவேண்டும். அவன் எலெக்ட்ரீஷியன். கண்மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்துவிட்டு, மாமாவுக்கு ஸ்டீயரிங் மட்டும்தான் சுத்தத் தெரியும் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கூடவே அக்காக்காரியும் சிரிப்பாளே, அதுதான் வாத்தியாருக்கு வலித்தது.

எனவே ஒரு ஹேமர் டிரில் வாங்கி வந்தார். ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடும், கான்கிரீட்டையே துளைக்கும். மச்சினன் சாயங்காலம் சாப்பிட வருகிறான். அதற்குள் சமையலறைத் தட்டு சுவரில் ஏறியாகவேண்டும்.

மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க டிரில் சத்தத்தில் வாழ்கிறவள். பெட்டியிலிருந்த சின்னப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தாள். பிறகு கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, மூக்குக்கு மாஸ்க் எல்லாம் வேண்டும் என்றாள். ஸ்டூல் மேல் ஏறக்கூடாது, ஏணிதான். ரெண்டு கையாலும் பிடிக்கவேண்டும். முக்கியமாக, குழாய்க்கு நேர் மேலே துளைக்கவே கூடாது, உள்ளே பைப் போகிறது.

வாத்தியார் சிரித்தார். "சுவத்த ரெண்டு தட்டு தட்டினா உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுவேன்."

"தட்டிப் பாத்துச் சொல்ல அது என்ன தர்பூசணியா?" என்று கேட்டுவிட்டு, அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

இதற்குத்தான் காத்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். மிஷினைத் தூக்கினால் பூ மாதிரி இருந்தது. கடையில் தூக்கியபோது தோள்பட்டை இறங்கியது நினைவுக்கு வந்தது. பரவாயில்லை, அதற்குள் நமக்குப் பலம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தார். குழாய்க்கு நேர் மேலே சுவரைத் தட்டினார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முனையை வைத்து அழுத்தி, விசையை இழுத்தார்.

ஒரு சத்தமும் இல்லை. மறுபடி இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கடைக்காரன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டானே என்று மிஷினைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தபோதுதான், பேட்டரி இருக்கவேண்டிய இடம் ஓவென்று திறந்துகிடந்தது தெரிந்தது. வந்தது பலம் இல்லை, போனது பேட்டரி.

போனை எடுத்தார். "பேட்டரி எங்க?"

"என் கைப்பைல."

"கடைக்குப் போறவளுக்கு அது எதுக்கு?"

"வேலை நடக்காதப்ப கழட்டி வைக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. சரி, உங்க கார்ல உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கே, அது எதுக்கு?"

"புதுசா ஓட்டறவன் எங்கயாவது கொண்டு போய் இடிச்சான்னா..." என்று ஆரம்பித்த வாத்தியார், கையிலிருந்த மிஷினைப் பார்த்தார்.

"ஸ்டூல விட்டு இறங்குங்க, வந்துட்டேன்" என்று அவள் வைத்துவிட்டாள். ஸ்டூல் விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது வாத்தியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வந்தவள் கண்ணாடியை மாட்டிவிட்டாள். காதை அடைத்தாள். பின்னால் நின்று மாஸ்க்கைக் கட்டிவிட்டு, முதுகில் அழுத்தித் தட்டிக்கொடுத்தாள். வாத்தியாருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. குழாயை விட்டுத் தள்ளி பென்சிலால் குறி வைத்தாள். ஏணியைப் போட்டாள். கடைசியில்தான் பேட்டரியைக் கொடுத்தாள்.

மிஷின் உறுமியது, சுவர் அசையவில்லை. மனைவி விரலை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, மிஷினின் பக்கவாட்டில் இருந்த திருகைச் சுத்தி, சுத்தியல் படத்துக்கு நேராக வைத்தாள். அப்புறம் பாருங்கள், வெண்ணெய்க்குள் கத்தி போல இறங்கியது. அவளோ நோயாளியின் வாயில் குழாய் பிடிப்பது மாதிரி, தூசி உறிஞ்சும் மிஷினின் குழாயை ஓட்டைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். தரையில் ஒரு பொடி விழவில்லை. தட்டு நேராக உட்கார்ந்தது. இந்தச் சந்தோஷத்துக்கு எத்தனை மிஷின் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று தோன்றியது அவருக்கு.

அந்தப் பூரிப்பிலேயே, சட்டையைக்கூட மாற்றாமல், மச்சினனுக்கு ஐஸ்கிரீம் வாங்கத் தெருவில் இறங்கினார். அன்று எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சிக்னலில் நின்ற அவருடைய பழைய மாணவன் ஒருவன் பச்சை விழுந்தும் காரை எடுக்காமல், அவர் சாலையைக் கடக்கும்வரை பொறுமையாக வழிவிட்டான். செய்தி அதற்குள் பரவிவிட்டதே என்று வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

மச்சினன் வந்தான். தட்டை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை. "நல்லா இருக்கே. யார் போட்டது?"

"நான்தான்" என்றார் வாத்தியார்.

"அவரேதான்டா" என்றாள் மனைவி. அவள் குரலில் கேலியே இல்லை. அதைக் கேட்க வாத்தியார் எத்தனை வருஷம் காத்திருந்தார்! ஐஸ்கிரீமை எடுத்துவைக்கத் திரும்பினார்.

பின்னால் மச்சினன் சிரித்த சிரிப்பில் புதுத் தட்டே அதிர்ந்தது. வாத்தியார் கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். சட்டையின் முதுகில் ஏதோ காகிதம் ஒட்டியிருந்தது. பிய்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய பையிலிருந்து எடுத்த, மாணவர்களின் காருக்குப் பின்னால் அவர் ஒட்டும் அதே சிவப்பு 'எல்'.

"எடுக்காதீங்க, இருக்கட்டும்" என்றாள் மனைவி, பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டே. "ஹால்ல இன்னும் ரெண்டு ஓட்டை போட வேண்டியிருக்கு. அந்த டெஸ்ட்ல பாஸாகுங்க, நானே எடுத்துவிடுறேன்."