மருத்துவச்சிக்குச் சோதனை இல்லை

போர் தொடுத்தே தீருவது என்று சர்வேயர் முடிவு செய்தபோது அவர் கையில் கைப்பேசி இருந்தது. மடியில் உலர்ந்த துணிகள் இருந்தன. மடித்து வைக்கச் சொல்லி மனைவி போட்டுவிட்டுப் போனவை. ஒரு தலையணை உறையை நாலாக மடித்தார். பிறகு செங்கழுகுப் படைக்கு ஆணை தட்டினார்: 'தயாராகுங்கள்.'

அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்த கடை, நசுங்கிய கார், நனைந்த சரக்கு என்று எதைப் பார்க்கப் போனாலும் முதலில் சொந்தக்காரனின் முகத்தைத்தான் பார்ப்பார். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கி வாங்கி, அது உடம்போடு ஒட்டிப்போய்விட்டது. யாராவது "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறான் என்று மாடிப்படி முடியும்வரை யோசிப்பார்.

கைப்பேசி விளையாட்டிலும் அதே புத்தி. அந்த மாய உலகத்தில் ஒரு மலைமேல் அவருடைய கோட்டை. எதிர்மலையில் நீலநரிக் கோட்டை. அதன் தலைவர், பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். நடுவே ஒரே ஒரு சுனை. அதில் ஊறும் நிலாக்கல்தான் இரண்டு கோட்டைச் சுவர்களையும் தாங்கிப் பிடிப்பது. கொஞ்ச நாளாகச் சுனையோரம் இரு படை வீரர்களும் தினமும் கைகலந்தார்கள்; கல்லும் குறைந்துகொண்டே வந்தது. சுவர் உதிர ஆரம்பித்துவிட்டது. இப்படியே போனால் கோட்டையும் இருக்காது, தலைவர் பதவியும் இருக்காது. வீட்டிலும் ஆபீசிலும் தலைவராக இல்லாத மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே பதவி அது.

"அந்தாளு திருட்டுத்தனமா கல்லை அள்றான்" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பாக்கணுமா என்ன? காலையில என்னைப் பாத்துச் சிரிக்கிறான்."

"அவர் பல் டாக்டர்ங்க. பல்லைக் காட்டாம என்ன பண்ணுவாரு?"

"அதுதான் இடிக்குது. எது தொழில், எது திருட்டுன்னு பிரிச்சுப் பாக்க முடியலை."

மனைவியும் செங்கழுகுப் படையில்தான் இருந்தாள். ஆள் குறைகிறதே என்று சேர்த்து, கடைசி வரிசையில் மருத்துவச்சி வேலை கொடுத்திருந்தார். காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட வேண்டும். அதற்குச் சுனையிலிருந்து கல் எடுத்துக்கொள்ளலாம். மருத்துவச்சியை எந்தக் காவலனும் சோதிக்கக்கூடாது என்பது விளையாட்டின் விதி. டாக்டரும் தன் மனைவியை அதே வேலையில்தான் வைத்திருந்தார்.

"கல்லு பத்தலைன்னா சண்டைதான் போடணுமா? ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாமே."

"அவன் கோட்டை சின்னது. அவனுக்கு எதுக்குப் பாதி?"

"அப்ப அளந்து குடுங்க."

"யாரு அளக்கிறது? அவனா?"

"நீங்களே அளங்க."

"நான் அளந்தா அவன் நம்புவானா? சந்தேகப் பிராணி!"

அவள் அவரையே பார்த்தாள்.

"இங்க பாரு. ஒரு பொருள் ரெண்டு பேருக்குப் பத்தலைன்னா ஒருத்தர் இல்லாமப் போகணும். இது நான் சொல்லலை. நிலைமை சொல்லுது."

"நிலைமைக்கு உங்க குரலேதான் இருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. பற்றாக்குறைதான் போருக்குக் காரணமா? இல்லை, போருக்குக் கிளம்பிவிட்டுக் காரணம் தேடுகிறோமா? எரிந்துபோன கிடங்கில் இப்படியொரு கேள்வி வந்திருந்தால் சாம்பலைக் கிளறாமல் விடமாட்டார். இது சொந்தக் கோட்டை. கிளறவில்லை.

"சரி, போடுங்க. நல்லாப் பெரிய சண்டையாப் போடுங்க" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை.

"ஏன் சரின்னே?"

"வேண்டாம்னா விடவா போறீங்க?"

நியாயமான பதில். நியாயமான பதில் என்றாலே அவருக்குச் சந்தேகம் கூடும். ஆனால் முரசு கொட்டியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரு படைகளும் மோதின. கைப்பேசியில் கழுகும் நரியும் கட்டிப் புரண்டன. "விடாதே, அடி!" என்று டாக்டர் கத்தியது சுவரைத் தாண்டிக் கேட்டது. இரண்டு பக்கமும் வீரர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். ஒருவழியாக மிச்சப் படையோடு சர்வேயர் சுனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

சுனையைக் காணோம். அந்த இடத்தில் வானத்தை முட்டும் நிலாக்கல் மதில். வாசலில் பலகை: 'சுனை அரசு. ஆயுதங்களை வெளியே வைத்துவிட்டு வரிசையில் நிற்கவும்.' கோபுரத்தின் உச்சியில் இரண்டு மருத்துவச்சிகள் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கல்லைத் திருடினது நீயா?" என்று சமையலறைக்குள் பாய்ந்தார்.

"திருட்டு இல்லைங்க, கூலி. ஒரு காயத்துக்கு ஒரு கல்லு. கட்டுப் போட அரைக்கல்லு போதும். மிச்சம் மருத்துவச்சிக்கு. விதியிலேயே இருக்கு, நீங்க படிக்கலை. ரெண்டு பேரும் சந்தேகப்பட்டுத் தினமும் அடிச்சுக்கிட்டீங்க. எங்களுக்குக் குவிஞ்சுது. இன்னைக்குச் சண்டையிலதான் கோபுரமே எழும்பிச்சு."

"அப்ப கல்லு குறைஞ்சது..."

"நீங்க சண்டை போட்டதாலதான்."

"என் காவல்காரங்க என்ன புடுங்கிக்கிட்டு இருந்தாங்க?"

"டாக்டர் கோட்டையையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னாங்க. நீங்க சொன்னபடிதான்."

அவர் அவசரமாகக் கைப்பேசியில் விதிகளைத் தேடினார்.

"இப்ப எங்களுக்கும் கல்லு பத்தலை போலத் தோணுது" என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே. "ஒருத்தர் இல்லாமப் போகணும்னு நிலைமை சொல்லுதுங்க."

சர்வேயர் செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். கதவைத் திறந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பழசெல்லாம் மறந்துடுவோம். உங்க மேல சந்தேகப்பட்டது என் தப்பு. கழுகும் நரியும் ஒண்ணாச் சேர்ந்தா அந்த மதிலை ஒரு மணி நேரத்துல இடிச்சுடலாம். என்ன சொல்றீங்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. பிடித்த கையை அவரும் இறுக்கிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்கண்ணா. சரணடைஞ்சா ரெண்டு கல்லுதான் தருவாங்களாம். உங்களைப் பிடிச்சுக் குடுத்தா மூணு" என்றவர், சர்வேயர் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூவினார்: "அண்ணி! இங்கதான் இருக்காரு!"