சாட்சிக்கு ஆள் தேவை

"இவங்க சாட்சி போச்சு," என்றார் வக்கீல்.

போனது அவருடைய டைப்பிஸ்டின் சாட்சி. சாட்சிக் கையெழுத்துப் போடக் குனிந்தவளின் நெற்றி வேர்வையைப் பார்த்து, படுக்கையில் கிடந்த மாமா மனமிரங்கிவிட்டார். "பாவம், இந்தப் பொண்ணுக்கு அந்த மேசை ஃபேனை எழுதிடுங்க." அவளே அதை டைப் அடித்துச் சேர்த்தாள்.

"உயில்ல ஒரு குண்டூசி கிடைச்சாக்கூட அவங்க சாட்சி போட முடியாது. நான் ஒருத்தன் இருக்கேன். இன்னொருத்தர் வேணும்," என்றார் வக்கீல்.

மருமகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மனைவி மக்கள் இல்லாத மாமா உயிலில் கையெழுத்தாகாமல் கண்ணை மூடினால், வீடு சட்டப்படி அவருடைய தம்பிக்குப் போய்விடும். அந்த மனிதர் மறுநாளே இவன் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைப்பார். செத்துப்போன அக்காவின் மகனாக இங்கேயே தங்கி, இத்தனை வருஷம் மாமாவுக்குக் கால் பிடித்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிடும்.

"நானே போட்டுடுவேன். சம்பந்தப்பட்டவனாப் போயிட்டேனே," என்றான்.

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அவன் படியிறங்கிவிட்டான்.

எதிர்க்கடைத் தையல்காரரைக் கழுத்து டேப்போடு இழுத்து வந்தான். "அண்ணே, வாயே திறக்காதீங்க. பேசினா ஏதாவது குடுத்துடுவார்."

தையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஊமையாக நின்றார். மாமா அவரையே பார்த்தார்.

"என்ன கஷ்டமோ, மனுஷனுக்குப் பேச்சே வரல. அந்தத் தேக்கு மேசையை இவருக்கு எழுதுங்க. துணி வெட்ட ஆகும்."

"வேணாம்னு சொல்லுங்கண்ணே," என்று மருமகன் காதைக் கடித்தான்.

"பெரியவர் ஆசையா குடுக்கிறார். வேணாம்னா மனசு நோகும்," என்ற தையல்காரர், மேசை வாசலில் நுழையுமா என்று அளக்கப் போய்விட்டார்.

மாமாவுக்கு மூச்சு இழுத்தது. மருமகன் அவசரமாக யோசித்தான். யாருக்கு இவர் ஒரு துரும்பும் தரமாட்டார்? மாடி வீட்டுக்காரர். தண்ணீர் மோட்டார் சண்டையில் இருவரும் முகம் கொடுத்துப் பேசியே வருஷக்கணக்காகிறது. ஓடிப்போய் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"அந்த ஆளு செத்தாலும் வரமாட்டேன்னு சொல்லியிருந்தேன்," என்றார் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே. "இன்னும் சாகலைங்கிறதால வர்றேன்."

வந்தவர் படுக்கையைப் பார்த்ததும் தடுமாறினார். "என்னய்யா இப்படி இளைச்சுட்டே?"

மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். "எல்லாம் என் தப்புய்யா. வக்கீல் சார், மோட்டாரை இவருக்கு எழுதுங்க. மோட்டார் இருக்கிற பின்கட்டையும் சேர்த்து எழுதுங்க."

பகையாளிகள் கட்டிக்கொண்டு அழ, மருமகன் மனசுக்குள் வீட்டை அளந்தான். வீட்டில் கால்வாசி கண்ணெதிரே போய்விட்டது. இன்னொரு ஆளைக் கூட்டி வந்தால் கூடமும் போகும். கூட்டி வராவிட்டால் எல்லாமே போகும். மாமாவின் கண்கள் செருகத் தொடங்கின.

"பேனாவைக் குடுங்க. இப்ப விட்டா நடக்காது," என்றார் மாமா ஈனசுரத்தில்.

மருமகன் வக்கீலிடம் திரும்பினான். "இந்த உயில்ல ஒண்ணுமே கிடைக்காத ஒரே ஒரு ஆளு வேணும். நான் எங்க போய்த் தேடுவேன்?"

டைப்பிஸ்ட் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நீங்களே போடலாமே சார். வீட்டை அவர் தம்பிக்குத்தானே எழுதியிருக்கார், உங்க பேரு இதுல எங்கயுமே இல்லையே."